‘தரம் குறையாத டிவிடி’: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பக் கேள்வி-பதில் பகுதியில் சென்ற வாரம் வாசகர் ஒருவர், தம் மகளின் திருமணக் காணொளி எம்பி4 கோப்பாகப் பென்டிரைவில் இருப்பதாகவும், அதைத் தரம் குறையாமல் டிவிடியில் பதிந்து ஊரிலுள்ள பெரியவர்களுக்குக் கொடுக்க வழி என்ன என்றும் கேட்டிருந்தார். நல்ல வட்டாகப் பார்த்து வாங்கி, குறைந்த வேகத்தில் ரைட் செய்தால் தரம் குறையாது என்ற பொருளில் பதில் வந்திருந்தது. கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வீடியோ மிக்ஸிங் தொழில் செய்து ஓய்ந்தவன் நான். அந்த அறிவுரைகள் இரண்டுமே தவறல்ல. ஆனால் கேட்ட கேள்விக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

டிவிடி போடுவது என்று நாம் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிற வேலைக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, கையில் இருக்கும் கோப்பை டிவிடி பிளேயருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவது. இரண்டாவது, மாற்றியதை வட்டில் எழுதுவது. நகைக் கடைக்குப் போய்வந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். பழைய நகையை உருக்கிப் புதிய நகை செய்யும்போது ஒவ்வொரு முறையும் சேதாரம் உண்டு. செய்த நகையை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு எடுத்து வைப்பதில் சேதாரம் கிடையாது. வட்டில் எழுதுவது பெட்டி மாற்றுகிற வேலைதான். நான்கு மடங்கு வேகத்தில் எழுதினாலும் பதினாறு மடங்கு வேகத்தில் எழுதினாலும், வட்டு பிழையின்றிப் படிக்கப்படும் வரை படத்தின் தரம் ஒன்றேதான். படம் கெடுவதெல்லாம் உருக்குகிற இடத்தில், அதாவது வட்டை டிரைவில் வைப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

ஏன் மாற்றியே ஆகவேண்டும் என்று கேட்கலாம். டிவிடி 1996-ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த பொருள். டிவிடி வீடியோ என்ற வடிவம், அன்றைக்கு இருந்த எம்பெக்-2 என்னும் சுருக்கும் முறையை நம்பி வகுக்கப்பட்டது. பிஏஎல் எனப்படும் நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் அதன் படச்சட்டம் குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 576 புள்ளிகளும் கொண்டது; விநாடிக்கு 25 சட்டங்கள். இன்று கைப்பேசியும் கேமராவும் பதிகிற படமோ 1920-க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் டிவிடியில் இருப்பது அதில் சரியாக ஐந்தில் ஒரு பங்குப் புள்ளிகள். ஆகவே எச்டி தரத்தில் எடுத்த படம் டிவிடி வீடியோவாக மாறும்போது ஐந்தில் நான்கு பங்கு விவரத்தை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறது. எந்த மென்பொருளாலும் இதை மாற்ற முடியாது. தரம் குறையாமல் என்ற சொல்லுக்கு இங்கே கிடைக்கக்கூடிய நேர்மையான பொருள், டிவிடி தாங்கக்கூடிய அளவுக்குக் கீழே போகாமல் என்பது மட்டுமே.

அந்த அளவுக்கும் கீழே ஏன் போகிறது என்பதற்குச் சுருக்கும் முறையைச் சற்றுப் பார்க்கவேண்டும். படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அதிகம் தெரியாத நுண்ணிய மாறுதல்கள் தோராயமாக்கப்படுகின்றன. அடுத்தடுத்த சட்டங்களில் மாறாமல் இருக்கும் பகுதிகள் திரும்ப எழுதப்படுவதில்லை. மாறியது மட்டுமே எழுதப்படுகிறது. எம்பெக்-2, எக்ஸ்விட், இன்று பரவலாக இருக்கும் எச்.264 ஆகிய யாவும் இந்த அடிப்படையில் நிற்பவைதான். கட்டங்களின் அளவும் கணிக்கும் திறமையும் வேறுபடும். தோராயமாக்கியதை மறுபடி தோராயமாக்கினால் முதல் முறை விழுந்த பிழையையும் படத்தின் ஒரு பகுதி என்றே கருதி, இரண்டாம் முறை சுருக்கும் மென்பொருள் அதையும் சேர்த்துச் சுருக்குகிறது. உருக்க உருக்கத் தங்கம் குறைவது இப்படித்தான்.

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். தங்கை மகளின் திருமணத்துக்கு, மன்னார்குடியில் இருக்கும் எங்கள் அத்தையால் மூட்டுவலி காரணமாக வர இயலவில்லை. அவரிடம் இருப்பது பழைய டிவிடி பிளேயர். பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு கடையில் போட்டு வாங்கிய டிவிடியை மைத்துனர் அவருக்கு அனுப்பிவைத்தார். இரண்டு நாள் கழித்து அத்தை தொலைபேசியில், “ஏன்டா, பொண்ணு முகம் கட்டம் கட்டமாத் தெரியுதே, ஆபரேஷன் பண்ணின கண்ணு மறுபடி கெட்டுப்போச்சா?” என்று கேட்டார். கண்புரைச் சிகிச்சை செய்துகொண்டவர் அவர். நேரில் போய்ப் போட்டுப் பார்த்தேன். மணமக்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் இடங்களில் படம் ஓரளவு நின்றது. கெட்டிமேளம் கொட்டி, நாற்புறத்திலிருந்தும் அட்சதை விழுந்த அந்தச் சில விநாடிகளில் மணமேடை முழுவதும் சாம்பல் நிறக் கட்டங்களாக உடைந்து, தாலி கட்டும் கை எது, பின்னால் நிற்கும் நாத்தனாரின் கை எது என்றே தெரியாமல் போயிற்று.

இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. நம் திருமணத்தில் மிக முக்கியமான அந்தக் கணமே சுருக்கும் முறைக்கு மிகக் கடினமான கணமும் ஆகும். ஆயிரக்கணக்கான அரிசிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் பறக்கும்போது, முந்தைய சட்டத்தைப் பார்த்து அடுத்ததை ஊகிக்க வழியே இல்லை. அதே நேரத்தில் புகைப்படக்காரர்கள் ஐந்தாறு பேர் ஃபிளாஷ் அடிப்பார்கள். ஒரு சட்டம் முழுவதும் வெளுத்து அடுத்த சட்டத்தில் மீளும். ஹோமப் புகை வேறு. சாதாரணக் காட்சிக்குப் போதுமாக இருந்த தரவு இங்கே ஒரு மூலைக்குக்கூடப் போதாது. சினிமாவில் இதற்கு இணையான இடங்கள் மழையும் சண்டைக்காட்சியும்தான். ஆனால் சினிமா வட்டுத் தயாரிப்பவர் அந்த இடங்களைத் தனியாகக் கவனித்துத் தரவை ஒதுக்குவார். திருமணத்துக்கு அப்படி உட்கார்ந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

அந்தக் கோப்பு கடந்துவந்த பாதையைப் பின்னோக்கி விசாரித்தேன். கேமராவில் ஏவிசிஎச்டி வடிவில் விநாடிக்கு 24 மெகாபிட் அளவில் பதிவாகியிருந்தது. மிக்ஸிங் செய்த ஸ்டூடியோ, ஐந்து மணி நேரத் தொகுப்பை விநாடிக்கு 8 மெகாபிட் எம்பி4 கோப்புகளாகக் கொடுத்திருந்தது. மொத்தம் 18 ஜிபி. மைத்துனரிடம் இருந்ததோ 16 ஜிபி பென்டிரைவ். எனவே அவர் ஏதோ ஓர் இலவச மென்பொருளில் போட்டு 3 ஜிபியாகச் சுருக்கி, அதைக் கடையில் கொடுத்திருக்கிறார். 3 ஜிபியை ஐந்து மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் விநாடிக்கு 1.3 மெகாபிட்தான் வரும். கடைக்காரர் அதை எம்பெக்-2 ஆக மாற்றி ஒரே வட்டில் அடைத்திருக்கிறார். வட்டின் அளவு 4 ஜிபிக்கு மேல் காட்டியதால், கொடுத்ததைவிட அதிகமாகத்தான் வாங்கி வந்திருக்கிறோம், தரம் எப்படிக் குறையும் என்று மைத்துனர் என்னிடம் வாதாடினார். கோப்பு பெருத்ததே தவிர, 3 ஜிபியில் தொலைந்துபோனது திரும்பி வரவில்லை. கடைக்காரரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மூன்று சேதாரங்களில் கடைசி ஒன்றுதான் அவருடையது.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது; அதைத் தெரிந்துகொண்டால் வாசகர்கள் கடையில் ஏமாற வேண்டியதில்லை. சாதாரண ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி என்பது ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிய கணக்கு. விண்டோஸ் கணினி 1024-ஆல் வகுப்பதால் அதையே ஏறத்தாழ 4.38 ஜிபி என்று காட்டும். வட்டுத் தயாரித்தவர் திருடிவிட்டார் என்று பொருளில்லை. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால், பிட் கணக்கில் அது 3,760 கோடி பிட்; பத்து லட்சம் பிட் ஒரு மெகாபிட். அதைப் படம் ஓடும் விநாடிகளால் வகுத்தால், ஒரு விநாடிக்கு எவ்வளவு தரவு கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு 7,200 விநாடிகள்; விநாடிக்கு 5.2 மெகாபிட் கிடைக்கிறது. மூன்று மணி நேரம் என்றால் 3.5-க்குக் கீழே இறங்குகிறது. ஐந்து மணி நேரத்துக்கு வெறும் 2.1. இதற்குள்தான் ஒலியும் அடங்கவேண்டும். டிவிடி வீடியோவில் படத்துக்கு மட்டும் அதிகபட்சமாக விநாடிக்கு 9.8 மெகாபிட் வரை இடம் உண்டு என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில், திருமணம் போன்ற அசைவு மிகுந்த படத்துக்கு 5 மெகாபிட்டுக்குக் கீழே போனால் பட்டுப் புடவையின் சரிகை முதலில் மங்கும். 4-க்குக் கீழே முகம் உடையத் தொடங்கும்.

எல்லாவற்றையும் ஒரே வட்டில் போட்டுக் கொடுங்கள் என்று வாடிக்கையாளர் கேட்பதும், சரி என்று நாங்கள் தலையாட்டியதும் பழைய கதை. விசிடி காலத்தில் ஒரு வட்டில் 80 நிமிடத்துக்கு மேல் போகாது என்பதால் ஒரு திருமணத்துக்கு மூன்று நான்கு வட்டுகள் கொடுத்தோம். யாரும் கேள்வி கேட்கவில்லை. டிவிடி வந்ததும் ஒரே வட்டில் அடங்கவேண்டும் என்பதே பெருமையாயிற்று. நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன்தான். ஆறு மணி நேரத் திருமணத்தை ஒரு வட்டில் திணித்து, மேலே பளபளக்கும் அட்டைப்படம் ஒட்டிக் கொடுத்து, அதற்கும் காசு வாங்கியிருக்கிறேன். நீண்ட நேரம் திணிக்கத்தான் வேண்டும் என்றால் சட்டத்தின் குறுக்களவை 352 புள்ளிகளாகக் குறைத்துக்கொள்ளவும் டிவிடியின் விதிகளில் இடமுண்டு. படம் சற்று மழுங்கும், ஆனால் கட்டம் கட்டமாக உடையாது. அப்போது எனக்கு அது தெரிந்திருந்தும் செய்யவில்லை. மழுங்கிய படத்தை வாடிக்கையாளர் கடையிலேயே கண்டுபிடித்துவிடுவார். உடைந்த படத்தை வீட்டுக்குப் போய்த்தான் கண்டுபிடிப்பார்.

அத்தைக்காக நான் செய்தது இதுதான். ஸ்டூடியோவிலிருந்து அந்த 18 ஜிபி கோப்புகளை ஹார்ட் டிஸ்கில் வாங்கி வந்தேன். முகூர்த்தப் பகுதி 75 நிமிடம். அதற்குத் தனியாக ஒரு வட்டு. விநாடிக்கு 8 மெகாபிட்டுக்கு மேல் கிடைத்தது. அதில் ஒலிக்கு 256 கிலோபிட், படத்துக்கு 7.8 மெகாபிட் என்று வைத்து, மிச்சத்தைப் பாதுகாப்புக்கு விட்டேன். மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு முதலிய மீதி 225 நிமிடங்களை இரண்டு வட்டுகளாகப் பிரித்தேன்; அவற்றின் படத்துக்கு விநாடிக்கு 5.1 மெகாபிட் போதுமானதாக இருந்தது. மாற்றும்போது இருமுறை ஓட்டும் வசதியைத் தேர்ந்தேன். முதல் ஓட்டத்தில் மென்பொருள் படம் முழுவதையும் அளந்து பார்த்துக்கொள்கிறது. இரண்டாம் ஓட்டத்தில், புரோகிதர் மந்திரம் சொல்லும் அமைதியான நிமிடங்களிலிருந்து மிச்சம் பிடித்து அட்சதை விழும் விநாடிகளுக்குக் கொடுக்கிறது. நேரம் இருமடங்கு ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கினால் போயிற்று.

அளவுக்கு அடுத்தபடியாகப் படத்தைக் கெடுப்பது அசைவு. பல கேமராக்கள் ஒரு சட்டத்தை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதிகளாக, விநாடிக்கு 50 பாதிகள் வீதம் பதிகின்றன. டிவிடியும் அதே முறையை அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஆனால் நடுவில் எம்பி4 ஆக்கும்போது பலர் இரண்டு பாதிகளையும் ஒன்றாக்கி 25 முழுச் சட்டங்களாகச் செய்துவிடுகிறார்கள். அசைவின் பாதி அங்கேயே போய்விடுகிறது. தவில்காரரின் விரல்களைப் பார்த்தால் தெரியும்: முன்னதில் விரல் ஓடும், பின்னதில் தாவும். பாதிகளின் வரிசையை மாற்றிக் கொடுத்துவிட்டால் இன்னும் மோசம். நடந்து வரும் ஆள் முன்னும் பின்னும் உதறிக்கொண்டே வருவார். மினிடிவி (MiniDV) என்ற பழைய கேமரா கேசட்டிலிருந்து எடுத்தவற்றில் கீழ்ப்பாதி முதலில் வரும் என்பதை மறக்கக்கூடாது.

கைப்பேசியில் எடுத்தவற்றுக்கு வேறு சிக்கல். அவை பெரும்பாலும் விநாடிக்கு 30 சட்டங்கள். அவற்றை 25 ஆக்கினால் ஆறில் ஒரு சட்டம் கழிக்கப்படுகிறது. கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது படம் தத்தித் தத்தி நகரும். அத்தகைய படங்களை, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கிய என்டிஎஸ்சி என்ற தொலைக்காட்சி முறையில், 720-க்கு 480 புள்ளிகளாக டிவிடி ஆக்குவதே மேல். நெடுக்கே சில வரிகள் குறையும். ஆனால் அசைவு சீராக இருக்கும். நம் ஊரில் விற்ற டிவிடி பிளேயர்களில் நான் கண்டவரை இரண்டு முறைகளும் ஓடுகின்றன. வாட்ஸ்அப் வழியாகக் காணொளியாக அனுப்பியது வரும்போதே சுருங்கித்தான் வரும். அனுப்புகிறவரிடம் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொன்னால் கோப்பு அப்படியே வந்து சேரும்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. டிவிடிஸ்டைலர், டிவிடி ஃபிளிக் ஆகியவை இலவசம். ஹேண்ட்பிரேக் நல்ல கருவிதான். ஆனால் அது டிவிடியிலிருந்து எம்பி4 ஆக்குமே தவிர, எம்பி4-லிருந்து டிவிடி ஆக்காது. கட்டளை தட்டச்சுச் செய்யத் தயங்காதவர்கள் எஃப்எஃப்எம்பெக் பயன்படுத்தலாம். அதில் பிஏஎல் டிவிடி என்று இலக்கைக் குறிப்பிட்டாலே சட்ட அளவு, ஒலியின் 48 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் தானே அமைந்துவிடும். ஆனால் அது இயல்பாகப் படத்துக்கு 6 மெகாபிட் வைக்கும் என்பதால், இரண்டு மணி நேரப் படம் வட்டுக்குள் அடங்காது. அளவை நாமே குறைத்துக் கொடுக்கவேண்டும். இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: கையிலிருக்கும் கோப்பு ஏற்கெனவே டிவிடிக்கு ஏற்ற எம்பெக்-2 ஆக இருந்தால், அதை மாற்றவே கூடாது. சிறு டிவிடியிலேயே பதியும் பழைய கேமராக்களில் எடுத்தவை அப்படிப்பட்டவை. நல்ல மென்பொருள், மாற்றாமல் நகலெடு என்ற தேர்வைக் கொடுக்கும். அதைத் தேடிப் பிடித்துத் தேர்ந்தால் ஒரு துளி சேதாரமும் இல்லை.

உண்மையாகவே தரம் குறையாமல் டிவிடியில் வைக்க மேலும் ஒரு வழி உண்டு. தங்கள் பதிலில் அது விடுபட்டது எனக்கு வருத்தம். எம்பி4 கோப்பை மாற்றாமல், தரவு வட்டாக அப்படியே எழுதிவிடலாம். பிட்டுக்குப் பிட் அதே கோப்பு. பழைய பிளேயரில் ஓடாது, கணினியில் ஓடும். வீட்டில் பலரிடம் பத்திரமாக இருக்கும், எக்ஸ்விட் போன்ற முறையில் சுருக்கிய 700 எம்பி ஏவிஐ கோப்புகளுக்கும் இதுவே பொருந்தும். இரண்டரை மணி நேரப் படத்தை ஒரு சிடிக்குள் அடைத்த அந்தக் கோப்பில் விநாடிக்கு 0.65 மெகாபிட்தான் இருக்கிறது. பிளேயரின் முகப்பில், இத்தகைய கோப்புகளை ஓட்டும் என்பதைக் காட்டும் டிவ்எக்ஸ் என்ற முத்திரை இருந்தால், அதை உருக்காமல் அப்படியே தரவு வட்டில் எழுதிப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஓடும். ஒரே வட்டில் ஆறு கோப்புகள் வரை அடங்கும்.

வட்டைப் பற்றித் தாங்கள் சொன்னதற்கு மறுப்பில்லை. பதிவாவது சாயப் படலத்தில் என்பதால் வெயில் படக்கூடாது. காகித ஒட்டி ஒட்டக்கூடாது. எழுதியபின் சரிபார்க்கும் வசதி இம்க்பர்ன் போன்றவற்றில் உண்டு, அதைத் தவிர்க்கக்கூடாது. இவை வட்டு நெடுநாள் படிக்கப்படுவதற்கான வழிகள். படம் அழகாக இருப்பதற்கான வழிகள் அல்ல.

புதிய வட்டுகளைப் பார்த்த அத்தைக்கு இப்போது ஒரே குறை, மூட்டுவலியோடு எழுந்துபோய் இரண்டு முறை வட்டு மாற்றவேண்டியிருக்கிறதே என்பதுதான்.

தங்களிடம் கேள்வி கேட்ட அந்த வாசகருக்கு ஒரு செய்தியைத் தாங்கள் உடனே தெரிவிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருடைய பென்டிரைவில் இருப்பது எத்தனையாவது சேதாரம் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஸ்டூடியோவில் தொகுப்பின் மூலக் கோப்பு இன்னும் அழிக்கப்படாமல் இருந்தால், தொகுக்கும் மென்பொருளின் டைம்லைனிலிருந்து நேராக எம்பெக்-2 ஆக ஒரே முறை மாற்றித் தரச் சொல்லி, மூலக் கோப்பையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். அடுத்த முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால், புதிய திருமணங்களுக்கு இடம் வேண்டி ஸ்டூடியோக்காரர் பழையவற்றை அழித்துவிடுவார். நானும் அப்படித்தான் அழித்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கும்பகோணம்.